மூலனூர்க் கொறங்காட்டில் ஒரு விண்மீன் இரவு

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகும் சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில் தெற்கே பிரியும் மண்தடத்தில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் ஒரு கொறங்காட்டில், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவுகளில் வானம் பார்க்க ஆட்களை அழைக்கிறார்கள். நடத்துபவர் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்; நிலம் அவருடைய தம்பிக்குச் சொந்தம். இருபது பேருக்குத்தான் இடம் என்பதாலும், கேள்விப்பட்டு வருகிறவர்களாலேயே அது நிரம்பிவிடுவதாலும், பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியவர்களுக்கு 1,200 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. மாலை ஐந்தரைக்கு உள்ளே விட்டால் விடிந்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். இடையில் யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது முதல் நிபந்தனை. நானும் என் மனைவியும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளும் 2026 ஜனவரி 17ஆம் தேதி, எங்கள் பக்கத்தில் பூப்பறிக்கும் நோம்பி என்று கொண்டாடும் காணும் பொங்கலன்று, தை அமாவாசைக்கு முந்தைய இரவில் போய் வந்தோம். திருப்பூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டத்தில் ஒரு மீனைக்கூடத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. அந்த நிலையில் இருக்கும் ஒரு குடும்பம் ஓர் இரவு இருட்டுக்காக 3,000 ரூபாய் கொடுப்பது தகுமா என்று கேட்டால், தகும் என்பேன். திருத்திக்கொள்ள வேண்டிய குறைகளும் உண்டு. அவற்றில் ஒன்று எங்களுக்கு அன்றைய இரவின் மிகப் பெரிய பாடமாகவே அமைந்துவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, மாடுகளையும் ஆடுகளையும் மேயவிடும் காட்டைத்தான் கொறங்காடு என்கிறோம். தென்னந்தோப்பைப் போல அது தலைக்கு மேலே மூடிக்கொள்வதில்லை. ஆனைமலை அடிவாரத்தில் நாங்கள் முன்பு இரண்டு முறை தங்கியிருக்கிறோம். இருட்டு என்று பார்த்தால் அங்கே இதைவிட அதிகம், ஆனால் தெற்கு வானத்தில் பெரும்பகுதியை மலை மறைத்துவிடும். இந்தக் காட்டில் தெற்கே வெகு தூரத்தில் பழனி மலைத்தொடர் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கரும்பட்டையாகத் தெரிவதைத் தவிர, நான்கு திசையிலும் வானம் தரை வரை இறங்குகிறது. தரை வரை இறங்கும் வானம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கே விளங்கியது.

களத்தில் கயிற்றுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அங்கிருந்து கழிப்பறைக்குப் போகும் தடத்தின் இரு பக்கமும் முழங்கால் உயரக் குச்சிகளில் சிறிய சிவப்பு விளக்குகளைக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்து ஒன்றைக் கவனித்துப் பார்த்தேன். கொட்டாங்குச்சியின் உட்புறத்தைத் தேய்த்துக் கறுப்பு வண்ணம் அடித்து, அதன் விளிம்பு விளக்கின் அடிப்பகுதிக்கும் கீழே ஒரு விரற்கடை இறங்கி நிற்குமாறு கம்பியால் இறுக்கியிருந்தது. வெளிச்சம் காலடியில் ஒரு முறம் அளவுக்கு வட்டமாக விழுந்தது. எழுந்து நின்றால் விளக்கே கண்ணில் படவில்லை, நடக்க வேண்டிய தடம் மட்டும் தெரிந்தது. ஒளி மாசைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் தெருவிளக்கிடம் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்: ஒளி முழுவதும் தரையை நோக்கி விழ வேண்டும், தேவைப்படும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது, நீலம் கலந்த வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் சார்ந்த நிறமாக இருக்க வேண்டும். நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறும். பகலில் வானத்தை நீலமாக்கும் அதே சிதறல்தான், சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டிய ஊர்களின் இரவு வானத்தை வெளுக்க வைக்கிறது.

இரவு உணவு அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளு ரசமும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உணவு முடிந்ததும் கைபேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இருட்டில் கண்ணின் விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லச் சேர்ந்து பார்வையைக் கூர்மையாக்குவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும் என்றும், ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அது கலைந்துவிடும் என்றும் ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவும் செய்துவிட்டு, ஒன்பதே முக்கால் மணிக்குச் சமையல் கொட்டகையில் மோர் கலக்க வந்த யாரோ வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டுவிட்டார்கள். பத்து நொடிகூட இருக்காது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் எங்கள் மகள், மிருகசீரிட வேட்டைக்காரன் என்னும் ஓரியன் விண்மீன் கூட்டத்துக்குக் கிழக்கே மங்கலான பால்வீதி வடக்குத் தெற்காக ஓடுவதை முதல் முறையாகக் கண்டுபிடித்து, விரலால் அதன் கரையை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துப் பால்வீதி, ஆடி ஆவணியில் தென் வானத்தில் தெரியும் பகுதியைவிட வெளிச்சம் குறைந்தது. கண் முழுதாகப் பழகியிருந்தால்தான் அகப்படும். அது மறுபடியும் அவள் கண்ணுக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று. இருட்டை விற்கிற இடத்தில் இது சிறிய தவறு என்று நான் நினைக்கவில்லை. கொட்டகைக்குள்ளும் சிவப்பு விளக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்று காலையில் ஆசிரியரிடம் சொன்னேன். குழல்விளக்கையே கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

இனி நான் சொன்ன அந்தக் குறைக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திர வரைபடம் கொடுத்திருந்தார்கள். நல்ல தாள், ஜனவரி மாத இரவு வானம், தெளிவான அச்சு. பதினொரு மணி அளவில், அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ் தெற்கே தன் உச்சிக்கு வந்தபோது, சிவப்புக் கைவிளக்கில் வரைபடத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள், “சார், படத்துல அகத்தியர் தரையோட ஒட்டிக்கிட்டு இருக்காருங்க, இங்க அவ்வளவு மேல இருக்காருங்களே?” என்று கேட்டாள். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில், அது தில்லியின் அட்சரேகைக்கு வரையப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. அச்சகத்துக்கு அனுப்பும்போது கோப்பு மாறிவிட்டது என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். காசு கொடுத்து வந்தவர்களுக்கு வேறு ஊரின் வானத்தைக் கொடுத்தது பிழைதான். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தை அந்தப் பிழையின் மேல் நின்றே அவர் நடத்திய விதத்துக்காக மட்டும் நான் மறுபடியும் 3,000 ரூபாய் கொடுப்பேன்.

“அம்மிணி, கையை நேரா நீட்டிக்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு, விரல மடக்கி முட்டியத் தரையில இருந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போ” என்றார். நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். சிறு பிள்ளைக்குக் கையும் சிறியது, முட்டியும் சிறியது என்பதால் அளவு பெரிதாக மாறுவதில்லை. மகளுக்கு அகத்தியர் இரண்டரை முட்டிக்குச் சற்று மேலே வந்தார். கணக்குப்படி அங்கே அவர் உயரம் 26½ பாகை. பிறகு எல்லோரையும் வடக்கே திருப்பினார். வடகிழக்கில் எழுந்திருந்த சப்தரிஷி மண்டலத்தின் முதல் இரண்டு மீன்களை இணைத்த கோட்டை நீட்டித் துருவ மீனைத் தேடச் சொன்னார். அது ஒரு முட்டி உயரத்தில் இருந்தது. துருவ மீனின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குக் கிட்டத்தட்டச் சமம். தாராபுரம் 10¾ பாகையில் இருக்கிறது, துருவ மீனும் ஒரு முட்டியில் இருக்கிறது. வரைபடத்திலோ அது ஏறக்குறைய மூன்று முட்டியில் இருந்தது, ஏனென்றால் தில்லி 28½ பாகையில் இருக்கிறது. வடக்கே ஒரு மீன் 18 பாகை ஏறினால், தெற்கே அகத்தியர் அதே 18 பாகை இறங்கித் தில்லியில் ஒரு முட்டிக்கும் குறைவாகத் தரையோடு நிற்கிறார்.

தாராபுரத்திலிருந்து தில்லி வரை வடக்குத் தெற்காக அளந்தால் சுமார் 2,000 கிலோமீட்டர். 18 பாகை என்பது முழு வட்டமான 360 பாகையில் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் முழு வட்டம் எவ்வளவு என்று கேட்டார். “நாப்பதாயிரங்க” என்றாள் மகள். துருவங்களின் வழியாகப் பூமியைச் சுற்றிவந்தால் உண்மையான அளவு 40,008 கிலோமீட்டர். ஒரு தவறான தாளையும் மடக்கிய கையையும் வைத்துக்கொண்டு, வெறும் மனக்கணக்கில் பூமியின் சுற்றளவுக்கு வந்து சேர்ந்த அந்த நொடியில், கட்டிலில் படுத்திருந்த வயதான ஓர் அம்மாள்கூட எழுந்து உட்கார்ந்து முட்டியை நீட்டி அளக்கத் தொடங்கினார். கி.மு. முதல் நூற்றாண்டில் பொசிடோனியஸ் என்ற கிரேக்கர் இதே விண்மீனைக் கொண்டுதான் பூமியை அளக்க முயன்றார்: ரோட்ஸ் தீவில் தொடுவானத்தைத் தொட்டு மறையும் கனோபஸ், அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு உயர்கிறது என்பதே அவர் கணக்கின் அடிப்படை. அவருக்கு முன்பே, எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்பதைப் பூமி உருண்டை என்பதற்குச் சான்றாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

வந்தவர்களில் காங்கயத்து இளைஞர் ஒருவர், பூமி தட்டை என்று கைபேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துக் குழம்பியிருந்தார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்பே ஆசிரியர் முந்திக்கொண்டு, “கேளுங்க தம்பி, நல்ல கேள்விங்க அது” என்றார். தரை தட்டையாகவும் அகத்தியர் மிகத் தொலைவிலும் இருந்தால், அந்த ஒளி எல்லா ஊருக்கும் ஒரே சாய்வில் வரும். தில்லிக்கும் தாராபுரத்துக்கும் உயரம் மாறாது. கம்பத்து விளக்கைப் போல அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விலகிப் போகப் போக உயரம் குறையும், ஆனால் ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் குறையும் அளவு தேய்ந்துகொண்டே வரும், எவ்வளவு தூரம் போனாலும் விளக்கு தரைக்குக் கீழே இறங்காது. நடப்பதோ வேறு. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை, ஏறக்குறைய 111 கிலோமீட்டருக்கு ஒரு பாகை என்று படிப்படியாக ஒரே சீராக அகத்தியர் இறங்குகிறார். கன்னியாகுமரியில் 29 பாகை, ஸ்ரீநகரில் 3 பாகை, அட்சரேகை 37ஐத் தாண்டி வடக்கே போனால் எழுவதே இல்லை. லண்டனில் இருப்பவர் தன் ஊரிலிருந்து அவரைப் பார்க்கவே முடியாது. சீராக இறங்கி மறைவதற்குத் தரை வளைந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழுந்த பூமியின் நிழல் வளைவாக இருந்ததை அந்த இளைஞரே பார்த்திருந்தார்; இரண்டையும் அவர் சேர்த்துப் பேசத் தொடங்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சேர்க்கையை நான் பரிந்துரைக்கிறேன். பூமியின் வடிவத்தை அளந்த பெரும் பணியில் நம் கொங்கு நாட்டுக்கே பங்கு உண்டு, அதை நிகழ்ச்சியில் யாரும் சொல்லவில்லை. 1802இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரையிலும் பிறகு வடக்கு நோக்கியும் ஒரு நீண்ட அளவைக் கோட்டைக் கொண்டுபோனார். அந்தக் கோட்டில் உச்சி வானத்து விண்மீன்களைக் கருவியால் அளந்து அட்சரேகையை உறுதி செய்த நிலையங்களுள் ஒன்று, ஆங்கிலேய ஆவணங்களில் ‘புட்சபாலியம்’ என்று பதிவான கோவைப் பகுதி ஊர். அவர் தேடியது பூமி உருண்டையா என்பதை விடவும் நுட்பமானது: ஒரு பாகையின் நீளம் தெற்கிலும் வடக்கிலும் ஒன்றா என்பது. பூமத்திய ரேகைக்கு அருகில் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7. இந்தச் சிறு வேறுபாட்டில்தான், பூமி இடுப்புப் பகுதியில் சற்றுப் பருத்து, துருவங்களுக்கு இடையிலான விட்டத்தைவிட அங்கே சுமார் 43 கிலோமீட்டர் அகன்றிருக்கிறது என்ற செய்தி அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் அளவைக்காரர்களுக்குக் கோவையிலிருந்து கிடைத்த வானம் இன்று கோவையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வருத்தம் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. துருவ மீனைக் கண்டுபிடிக்க எங்களில் பலருக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அது அவ்வளவு மங்கலான மீன் இல்லை. ஆனால் நம் கொங்கு நாட்டில் அது தாழ்வாக, ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கும். இங்கே அதற்கு நேர் கீழே வடக்கில் வெள்ளகோவிலும் காங்கயமும், அவற்றுக்கு அப்பால் ஈரோடும் சேர்ந்து எழுப்பும் வெளிச்ச மூட்டம் சாம்பல் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஏறி நிற்கிறது. வடமேற்கில் அதைவிட அகன்று வெளுத்துக் கிடந்தது எங்கள் திருப்பூர். நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் விலகி வந்த பிறகும் எங்கள் ஊர் எங்களைவிட்டுப் போகவில்லை. வானத்தின் இருளை அளக்கும், சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு கருவியை ஆசிரியர் உச்சியை நோக்கிப் பிடித்தபோது 20.9 என்று காட்டியது. மனித வெளிச்சமே இல்லாத இடத்தில் 22 அளவுக்கு வரும். ஓர் எண் குறைந்தால் வானம் இரண்டரை மடங்கு வெளிச்சமாகிறது என்று பொருள். திருப்பூருக்குள் அவர் அளந்தபோது 18 வந்ததாம். அதாவது எங்கள் தெருவின் வானம் இந்தக் காட்டு வானத்தைவிடப் பதினான்கு மடங்கு வெளுத்தது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருவதாகச் சொல்கிறது. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறக்கும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100தான் தெரியும். என் அம்மாயி வாசலில் கட்டிலைப் போட்டுக் கார்த்திகையின் ஆறு மீனையும் எண்ணிக் காட்டிய வீடு இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாசலுக்கு எதிரே மட்டும் ஒரு வெள்ளை விளக்கு வந்திருக்கிறது.

தொலைநோக்கி, எட்டு அங்குல ஆடி கொண்ட டாப்சோனியன் வகை. வியாழனின் நான்கு நிலவுகளும் மிருகசீரிட வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே உள்ள நெபுலா என்னும் வாயு மேகமும் துல்லியமாகத் தெரிந்தன. ஆனால் இருபது பேருக்கு ஒரே கருவி என்பதால் ஒருவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இன்னொன்று கட்டாயம் வேண்டும். அதைவிட, கட்டிலில் படுத்தபடி அவர்கள் கொடுத்த 10×50 பைனாகுலரில் கார்த்திகையைப் பார்த்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. தென் தொடுவானத்துக்கு ஒரு முட்டிக்குள் பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் திரள் தெரியக்கூடும் என்று சொல்லியிருந்தார்கள். பொங்கல் நாட்களின் புகைமூட்டத்திலும் ஒட்டன்சத்திரம் பக்கத்து வெளிச்சத்திலும் அது அகப்படவில்லை. மாசி, பங்குனியில் போகிறவர்களுக்குக் காற்று இன்னும் தெளிவாக இருக்கும். கிழக்கே காற்றாலைகளின் உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்குகள் முதலில் தொந்தரவாக இருந்தன, பிறகு பழகிவிட்டன. மேகம் மூடினால் பணம் திரும்பத் தருவதில்லை, அடுத்த அமாவாசைக்கு இடம் மாற்றித் தருகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பதிவு செய்யாமலிருப்பது நல்லது.

இருளுக்காக மட்டும் பயணம் போக விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடங்கள் நாட்டில் உண்டு. லடாக்கின் ஹான்லே 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் நாட்டின் முதல் இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்றது. நம் கொல்லிமலையிலும் இருள்வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் ஹான்லேயில் அகத்தியரைத் தேடினால் மலைக்குப் பின்னால்தான் தேட வேண்டும். துருவ மீனையும் அகத்தியரையும் ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று, தரையிலிருந்து முட்டி அடுக்கி அளக்கக் கொங்கு நாட்டின் அட்சரேகையும் இந்தக் காட்டின் சமதரையும் வசதியாக அமைந்திருக்கின்றன.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பித் தெற்கே நிமிர்ந்து நின்ற தென்சிலுவையைக் காட்டினார்கள். மகள் யாரும் சொல்லாமலேயே முட்டியை அடுக்கி, “ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி” என்றாள். புறப்படும்போது வரைபடத் தாள்களை ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார், அடுத்த மாதத்துக்குள் தாராபுரத்துக்கு உரியதை அச்சிட்டுவிடுவாராம். தில்லித் தாளைத் தூக்கிப் போட வேண்டாம், வருகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொன்னேன். எங்கள் தாளை மகள் திருப்பித் தரவில்லை. திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு எங்களை மாடிக்கு அழைத்துப் போனாள். வடக்கே துருவ மீன் நிற்க வேண்டிய இடத்தில் பனியன் கம்பெனி விளக்குகளின் வெளுப்பு மட்டும் இருந்தது. தெற்கே, அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேலே, அகத்தியர் தெரிந்தார், இரண்டரை முட்டி.